ஆப்பிள் டூ-இயில் முதல் கார்டு: செருகும் முன்னும் செருகிய பின்னும்

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஸ்லாட் என்ற நீளப் பள்ளத்தில் ஒரு கார்டை, அதாவது புது வசதி சேர்க்கும் சர்க்யூட் பலகையை, செருகப் பத்து விநாடி போதும். நாற்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை ஒழித்துக்கட்டவும் அதே பத்து விநாடி போதும். பழைய கம்ப்யூட்டரைப் புதிதாக வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்தக் கார்டு போடலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "கார்டே இல்லாமல் அது ஒழுங்காக ஓடுகிறதா?" பாதிப் பேர் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

இங்கே முக்கால்வாசி ஆப்பிள் டூ-இ (Apple IIe) என்ற பழைய கம்ப்யூட்டரை வைத்துத்தான் சொல்லப்போகிறேன். பழகிக்கொள்ள அதைவிட நல்ல மெஷின் கிடையாது. மூடியைத் திறக்க ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். 1977இல் ஆப்பிள் டூ வந்தபோது, பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று என்று இரண்டு ஸ்லாட் போதும் என்பது ஸ்டீவ் ஜாப்ஸின் கட்சி. எட்டு இல்லாவிட்டால் வேறு மெஷினைப் பார்த்துக்கொள் என்கிற அளவுக்குப் பிடிவாதமாக நின்றவர் அதை வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக். எட்டுதான் ஜெயித்தது. 1980இல் மைக்ரோசாஃப்ட் முதன்முதலாக விற்ற ஹார்டுவேரே இந்த ஸ்லாட்டில் செருகும் கார்டுதான்: இசட்80 என்ற பிராசசர் சிப் வைத்த, சிபி/எம் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஓட்டுவதற்கான கார்டு. 1983இல் வந்த டூ-இயில் 0 என்ற ஸ்லாட் மட்டும் போய்விட்டது. அதில் போட வேண்டியிருந்த மெமரி, மெஷினின் முக்கியப் பலகையான போர்டிலேயே வந்துவிட்டதால் அதற்கு வேலை இல்லை. மிச்சம் 1 முதல் 7 வரை. கூடவே மெமரிக்கும் 80 பத்தித் திரைக்கும் (ஒரு வரியில் 80 எழுத்து காட்டுவது) என்று துணை ஸ்லாட் ஒன்று தனியாக உண்டு.

முதலில் வெறும் மெஷின்

வாங்கி வந்த மெஷினில் ஏற்கெனவே கார்டுகள் இருந்தால் எது எந்த ஸ்லாட்டில் இருக்கிறது, ஒயர் எந்தப் பக்கம் போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, மெஷினை மட்டும் அரை மணி நேரம் ஓட விடுங்கள். போட்டதும் ஒரு பீப் சத்தம், திரையின் மேலே பெயர். கன்ட்ரோல் கீயோடு ரீசெட்டை அழுத்தினால் சதுர அடைப்புக்குறியும் மின்னும் கட்டமும் வரும். அதற்கு அப்புறம் கன்ட்ரோல், கருப்பு ஆப்பிள் படம் போட்ட கீ, ரீசெட் மூன்றையும் சேர்த்து அழுத்தி விடுங்கள். மெஷின் தன்னைத்தானே சோதித்துப் பார்க்கும். கொஞ்ச நேரம் திரையில் கோலம் போட்டுவிட்டு "கெர்னல் ஓகே" என்று காட்டினால் நல்லது. பிந்தைய மேம்பட்ட டூ-இயாக இருந்தால் "சிஸ்டம் ஓகே" என்று வரும்.

இப்படிச் செய்யாமல் நேரே கார்டைப் போட்டவர்கள், திரையில் குப்பை வந்தால் கோளாறு கார்டிலா மெஷினிலா என்று தெரியாமல் ஒரு வாரம் சுற்றுவார்கள்.

பவர் சப்ளை பற்றி ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பவர் சப்ளைகள் பலவற்றில் ரிஃபா என்ற பெயர் போட்ட, மஞ்சளாகக் கண்ணாடி மாதிரித் தெரியும் கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் உறுப்பு) இருக்கும். அதன் மேலோட்டில் விரிசல் விட்டு, ஈரம் உள்ளே போய், என்றைக்காவது ஒரு நாள் புகையைக் கக்கும். பெரும்பாலும் மெஷினுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நாற்றம் இரண்டு நாள் வீட்டைவிட்டுப் போகாது. அதை மாற்றலாம், சுலபமான வேலைதான். ஆனால் பவர் சப்ளைப் பெட்டியைத் திறந்து பழக்கம் இல்லாதவர்கள் கை வைக்க வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பழகிய ஒருவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் 5 வோல்ட்டை மட்டுமாவது அளந்து பாருங்கள். 4.75க்கும் 5.25க்கும் நடுவே இருந்தால் சரி. அளக்கும் இடம் முக்கியம்: பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வரும் பிளக்கின் ஒயர் பக்கம். ஸ்லாட்டுக்குள் மீட்டர் முனையை விட்டு அளக்கக் கூடாது. பக்கத்துப் பின்னில் பட்டுவிட்டால், அளக்கப்போய் நாமே ஷார்ட் செய்த கதையாகிவிடும்.

கார்டைக் கையில் எடுத்ததும்

விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். தங்க நிறப் பற்களில் கை படக் கூடாது. நல்ல வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். பச்சையாகப் பூத்திருக்கிறதா, கருகிய இடம் இருக்கிறதா, சொட்டு வடிவத்தில் சின்னச் சின்னக் கெபாசிட்டர்கள் இருந்தால் ஏதாவது உடைந்திருக்கிறதா. சொட்டு வடிவில் இருப்பவை டான்டலம் வகை, கெட்டுப்போனால் ஷார்ட் ஆகிற குணம் அவற்றுக்கு உண்டு.

அடுத்தது சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் சிப்புகள். சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து, வருஷக்கணக்கில் அவை சாக்கெட்டைவிட்டு மெல்ல மேலே ஏறி வந்திருக்கும். கார்டை ஒரு மேஜையில் வைத்து, ஒவ்வொரு சிப்பின் இரு முனையையும் கட்டைவிரலால் மாற்றி மாற்றி அழுத்துங்கள். சில சமயம் "நறுக்" என்று ஒரு சத்தம் கேட்கும். "கெட்டுப்போனது" என்று சொல்லி எனக்குக் கொடுக்கப்பட்ட கார்டுகளில் இரண்டு, அந்தச் சத்தத்தோடு பிழைத்துக்கொண்டன.

பற்களைத் துடைக்க ஐசோபுரோபில் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணி போதும். பென்சில் ரப்பரால் தேய்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். பளபளப்பது உண்மைதான். ஆனால் பற்களின் மேல் இருக்கும் தங்கப் பூச்சு மிக மெல்லியது, ரப்பர் அதையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஆல்கஹாலால் மூன்று தடவை துடைத்தும் போகாத கறைக்கு மட்டும் ரப்பரை எடுப்பேன், அதுவும் லேசாக ஒரே ஒரு தடவை.

அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். நான் ஒரு கார்டைக் கொன்ற கதை இது.

ஒரு ராத்திரி மானிட்டர் கருப்பாக இருந்தது. மெஷினும் அணைந்திருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டு, டிஸ்க் கன்ட்ரோலர் கார்டைப் பிடித்து இழுத்துவிட்டேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டூ-இயின் போர்டிலேயே ஒரு சிவப்பு விளக்கு உண்டு. மின்சாரம் இருக்கும்வரை எரியும், இந்தத் தவறு நடக்கக் கூடாது என்றே வைத்தது. எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன் மேலே டிரைவ் ஒயர் விழுந்து மறைத்திருந்தது, நானும் தேடிப் பார்க்கவில்லை. கார்டு அதற்கு மேல் பேசவே இல்லை.

அதிலிருந்து என் வழக்கம் இப்படி. ஸ்விட்சை அணைப்பேன். டூ-இ மூடியின் பின்விளிம்பை இரு பக்கமும் பிடித்து மேலே இழுத்தால் பட்டென்று விட்டுவிடும். அப்படியே பின்னால் நகர்த்தி எடுத்துவிடுவேன். சிவப்பு விளக்கைக் கண்ணால் பார்ப்பேன், ஒயர் மறைத்தால் ஒதுக்கிப் பார்ப்பேன். பிளக் இன்னும் சுவரில் இருக்கும்போதே, இடதுபக்கம் இருக்கும் பவர் சப்ளையின் உலோகப் பெட்டியை ஒரு தடவை தொடுவேன். எர்த் இருக்கும் பிளக் என்றால் உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் அந்த வழியாக இறங்கிவிடும். அப்புறம் பிளக்கையும் பிடுங்கிவிடுவேன். அதன்பின் எழுந்து கம்பளத்தில் நடந்துவிட்டு வந்தால் மறுபடி அந்தப் பெட்டியைத் தொட வேண்டும். காற்று வறண்ட காலத்தில் மணிக்கட்டுப் பட்டை கட்டிக்கொள்வது இன்னும் நல்லது.

முந்தைய டூ பிளஸில் அந்தச் சிவப்பு விளக்கு கிடையாது. அதன் கீபோர்டில் இருக்கும் பவர் விளக்கைத்தான் பார்க்க வேண்டும்.

எந்த ஸ்லாட்?

ஆப்பிள் டூவில் அழகான ஒரு விஷயம்: கார்டின் முகவரியை நாம் அமைக்க வேண்டாம், ஸ்லாட் நம்பரே அதைத் தீர்மானித்துவிடும். ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் 16 முகவரிகளும், கார்டிலிருக்கும் புரோகிராமுக்கு 256 பைட் இடமும் தனித்தனியாக ஒதுக்கியிருக்கிறது. அதனால் இரண்டு கார்டு ஒரே முகவரிக்குச் சண்டை போடாது.

அப்படியென்றால் எதை எங்கே வேண்டுமானாலும் போடலாமா? மின்சாரக் கணக்கில் போடலாம். ஆனால் மென்பொருள் பழக்கம் வேறு. 1 பிரிண்டருக்கு, 2 மோடத்துக்கு, 6 டிஸ்க் டிரைவுக்கு என்பது ஊரறிந்த வழக்கம். மௌஸ் கார்டும் மாக்கிங்போர்டு என்ற ஒலி கார்டும் 4இல் இருக்கும் என்று பல விளையாட்டுகள் நம்பிக்கொண்டிருக்கும். 3.5 அங்குல டிரைவ் 5இல், ஹார்டு டிஸ்க் 7இல். டிஸ்க் கார்டை 5க்கு மாற்றினால் மெஷின் கோபித்துக்கொள்ளாது, ஆனால் நகலெடுக்க முடியாதபடி பூட்டுப் போட்ட பழைய விளையாட்டுகள் 6ஐத் தேடிவிட்டு நின்றுவிடும்.

3 மட்டும் ஒரு வில்லங்கம். டூ-இயின் துணை ஸ்லாட்டில் 80 பத்தி கார்டு இருந்தால், 3இன் இடத்தை அது எடுத்துக்கொள்ளும். உங்கள் கார்டில் சொந்தப் புரோகிராம் இருந்தால் அது அங்கே வேலை செய்யாது. கார்டை மாற்றி மாற்றிப் பார்க்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று: மெஷின் எழுந்ததும் எந்த ஸ்லாட்டில் டிஸ்க் இருக்கிறது என்று 7இலிருந்து கீழ்நோக்கித் தேடும். 7இல் எஸ்டி கார்டு செருகும் புதுக் கார்டு ஒன்றைப் போட்டால், 6இல் இருக்கும் டிரைவ் சும்மா இருக்கும். கெட்டுப்போகவில்லை. கன்ட்ரோல்-ரீசெட் அழுத்தி, பி ஆர் # 6 என்று அடித்தால் டிரைவ் சுழலும்.

செருகும்போது

கார்டிலிருந்து வெளியே போக வேண்டிய ஒயர் இருந்தால், செருகும் முன்பே மாட்டிவிடுங்கள். உள்ளே போன பிறகு விரல் நுழைய இடம் இருக்காது, கண்ணுக்கும் தெரியாது. டிஸ்க் டூ என்ற ஆப்பிள் டிஸ்க் டிரைவின் கார்டுதான் இதில் ஆபத்தானது. அதன் 20 பின் இணைப்பு மொட்டையாக நிற்கும், சுற்றிலும் வேலி எதுவும் இல்லை. ஒரு பின் தள்ளி மாட்டினாலும் உட்கார்ந்துவிடும். அப்படி மாட்டி ஸ்விட்சைப் போட்டால் டிரைவுக்குள் இருக்கும் 74எல்எஸ்125 என்ற சிப் போய்விடும். இந்த வட்டாரத்தில் பழகியவர்கள் எல்லாரும் அந்த நம்பரை மனப்பாடமாகச் சொல்வார்கள், ஏன் என்று கேட்டால் சிரிப்பார்கள். எனவே ஒயரை மாட்டியதும் இரண்டு ஓரத்தையும் பாருங்கள். வெளியே ஒரு பின்னும் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது.

அடுத்தது திசை. ஆப்பிள் டூ ஸ்லாட்டில் தலைகீழாகச் செருகுவதைத் தடுக்கும் காடி எதுவும் இல்லை. கீபோர்டுப் பக்கம் நின்று பார்த்தால் பவர் சப்ளை இடதுகைப் பக்கம். கார்டில் சிப் இருக்கும் முகம் வலதுகைப் பக்கம் பார்க்க வேண்டும். மாறிப்போனால் என்ன ஆகும்? ஸ்லாட்டில் 50 பின்கள். 5 வோல்ட் 25ஆம் பின்னில், 12 வோல்ட் 50ஆம் பின்னில், இரண்டும் எதிரெதிர் மூலையில். கார்டைத் திருப்பிப் போட்டால் 5 வோல்ட்டுக்குக் காத்திருக்கும் சிப்புகள் எல்லாவற்றுக்கும் 12 வோல்ட் போகும். அவ்வளவுதான், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

திசையைப் பார்த்தாயிற்று, விளக்கைப் பார்த்தாயிற்று. கார்டை ஸ்லாட்டின் மேலே நேராக நிறுத்தி, இரு ஓரத்திலும் சமமாக அழுத்துங்கள். போக மறுத்தால் முன்பக்கம் கொஞ்சம், பின்பக்கம் கொஞ்சம் என்று நீளவாக்கில் அசைக்கலாம். பக்கவாட்டில் ஆட்டக் கூடாது, ஸ்லாட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் பின்கள் வளைந்துவிடும். சரியாக உட்கார்ந்தால் பற்களின் மேல்விளிம்பு ஸ்லாட்டுக்கு இணையாக ஒரே கோடாகத் தெரியும். ஒரு முனை தூக்கியிருந்தால் இன்னும் இறங்கவில்லை.

கழற்றும்போதும் இதே கதைதான், தலைகீழாக. ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

ஸ்விட்சைப் போடும் நேரம்

பிளக்கை மாட்டி, ஒரு கையை ஸ்விட்சின் மேலேயே வைத்துக்கொண்டு போடுங்கள். பீப் வந்ததா? பெயர் வந்ததா? சரி. பீப் வராமல் பவர் சப்ளையிலிருந்து "டிக்... டிக்... டிக்" என்று சத்தம் வந்தால் உடனே அணையுங்கள். எங்கோ ஷார்ட் இருக்கிறது, பவர் சப்ளை எழப் பார்த்து எழப் பார்த்துத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது என்று அர்த்தம். கார்டை எடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு கார்டில். சந்தேகத்துக்குரிய முதல் ஆள் மேலே சொன்ன டான்டலம் கெபாசிட்டர்.

எல்லாம் சரியாக வந்தாலும் மூடியை மூடாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்திருங்கள். வாசனையைக் கவனியுங்கள். வழக்கத்துக்கு மாறான நெடி வந்தால் அணைத்துவிடுங்கள்.

இன்னும் கார்டு சேர்க்கும் ஆசை வந்தால் மின்சாரக் கணக்கு பாருங்கள். ஆப்பிள் கையேட்டின்படி எல்லாக் கார்டும் சேர்ந்து 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம். அந்தக் காலத்தில் எல்லாரும் இதை மீறினார்கள், பெரும்பாலும் ஓடவும் செய்தது. ஆனால் ஆப்பிள் டூவில் விசிறி கிடையாது. நாலைந்து பழைய கார்டுகளை நெருக்கிப் போட்டு, அரை மணி நேரம் ஓடிய பிறகு மெஷின் தானாகத் தொங்கிப்போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சூட்டைத்தான். பக்கத்தில் ஒட்டும் விசிறிப் பெட்டி விற்றதே அதற்காகத்தான். புதிதாகச் செய்யப்படும் கார்டுகள் பொதுவாகக் குறைவாகவே மின்சாரம் எடுக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு கார்டு. மூன்றையும் சேர்த்துப் போட்டு, வேலை செய்யாமல் போனால் எதைக் குற்றம் சொல்வீர்கள்?

வேறு மெஷின் வைத்திருப்பவர்களுக்கு

சின்கிளேர் கம்பெனியின் ஸ்பெக்ட்ரம், இசட்எக்ஸ்81 வகையில் ஸ்லாட் கிடையாது. போர்டின் விளிம்பே பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அதில்தான் பெட்டியை மாட்ட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது மாட்டினாலோ கழற்றினாலோ மெஷினும் சேர்ந்து போகும், இந்த விதிக்கு விலக்கே இல்லை. இசட்எக்ஸ்81இன் 16 கே மெமரிப் பெட்டி லேசாக ஆடினாலே தட்டச்சு செய்தது எல்லாம் போய்விடும். மேஜையை யாரும் இடிக்காமல் பார்த்துக்கொள்வதும் ஒரு தொழில்நுட்பம்தான்.

கமடோர் 64க்குக் கார்ட்ரிட்ஜைவிடப் பவர் சப்ளைதான் பெரிய கவலை. செங்கல் மாதிரி இருக்கும் பழைய கருப்புப் பவர் சப்ளையில் 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி கெட்டால் வோல்ட்டேஜ் ஏறி, மெமரி சிப்புகளைத் தின்றுவிடும். புதிய பவர் சப்ளை வாங்காமல் அதில் எதையும் செருக வேண்டாம்.

அமிகா 500இன் அடியில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதற்குள் போடும் 512 கே மெமரி கார்டுகள் பலவற்றில் கடிகாரத்துக்காக ஒரு பேட்டரி பற்றவைத்திருக்கும். அது ஒழுகி, கார்டை மட்டுமல்லாமல் மெஷினின் பின்களையும் அரித்துவிடும். வாங்கியதும் முதல் வேலை அந்தப் பேட்டரியை வெட்டி எடுப்பது.

ஐபிஎம் வகை மெஷின்களில் ஐஎஸ்ஏ கார்டு (அவற்றின் பழைய வகை ஸ்லாட்டுக்கானது) போடுகிறவர்களுக்குத் திசைக் குழப்பம் இல்லை, பின்பக்க உலோகத் தகடு தவறாகப் போட விடாது. அங்கே தலைவலி வேறு. முகவரியையும், கார்டு பிராசசரைக் கூப்பிடும் ஐஆர்க்யூ நம்பரையும், கார்டில் இருக்கும் ஜம்பர்களால் (இரண்டு பின்னை இணைக்கும் சின்ன மூடிகள்) நாமே அமைக்க வேண்டும். முதல் தலைமுறைச் சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி கார்டு ஐஆர்க்யூ 7 என்று அமைத்து வந்தது. முதல் பிரிண்டர் போர்ட்டுக்கும் அதே 7தான். அதனால் பிரிண்டர் இருந்தால் கார்டை 5க்கு மாற்றுவது வழக்கம். ஜம்பரைத் தொடும் முன்பு இப்போது இருக்கும் நிலையை ஒரு காகிதத்தில் வரைந்து வையுங்கள். அந்தச் சின்ன பிளாஸ்டிக் மூடி தரையில் விழுந்தால் கிடைக்காது, டப்பாவில் நாலைந்து உபரி வைத்திருங்கள்.

கழற்றிய கார்டுகளை வைக்க நிலைமின்சாரம் தாங்கும் உறை நல்லது. பழைய கார்டுகளோடு வரும் கருப்பு ஸ்பாஞ்சில் சிப்பைக் குத்தி வைத்திருந்தால் சிப்பை எடுத்துவிட்டு ஸ்பாஞ்சைத் தூக்கிப் போடுங்கள். நாளாக ஆக அந்த ஸ்பாஞ்சு பிசுபிசுத்துப் போய், சிப்பின் கால்களை அரித்துவிடும். உறையின் மேலே கார்டின் பெயரையும், கடைசியாக எந்த ஸ்லாட்டில் ஓடியது என்பதையும் எழுதி வையுங்கள்.